காணாங்கெளுத்தி வந்த ஞாயிற்றுக்கிழமை

மழை பெய்து ஓய்ந்தால் அந்தத் தரையிலிருந்து, தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாசனை எழும்பும். ரயில் எஞ்சின்களில் எரிந்து தீர்ந்த கரியின் சாம்பலை யாரோ எப்போதோ கொண்டுவந்து கொட்டிப் பள்ளத்தை மேடாக்கிய இடம் அது. அடியில் சாம்பல், மேலே கடல் மணல், இரண்டுக்கும் நடுவில் மீன் முள். காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் இடையே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் கூட்ஸ் ரயில் தண்டவாளமுமாகக் கிடந்த அந்தப் பொட்டலை எங்கள் பக்கத்தில் "சாம்ப கிரவுண்டு" என்பார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில், நான் கவுன் போட்டுத் திரிந்த வயதில், கால்பந்து என்பதே அந்த ஓர் இடத்தில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அங்கே வலை காயும், கருவாடு காயும். வெயில் சாய்ந்ததும் குப்பத்துப் பெண்கள் கருவாட்டைக் கூடையில் வாரிக்கொண்டு போவார்கள், ஆண்கள் வலையைச் சுருட்டி ஓரமாகப் போடுவார்கள், அதன்பிறகு ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல், இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரைக்கும் முள்ளும் கரிக்கட்டியும் பொறுக்கிக்கொண்டே நடப்பார்கள். எங்கள் டீமில் ஒருவர் காலிலும் பூட்ஸ் கிடையாது. இப்படிக் குனிந்து நடப்பதற்கு "முள் பொறுக்கறது" என்று பெயர். ஆட்டம் பார்க்க வந்தவர்களும் கூட இறங்கிப் பொறுக்குவார்கள். அப்படிப் பொறுக்கியவர்களுக்குத்தான் பிறகு ஆட்டக்காரர்களைத் திட்டுகிற உரிமை உண்டு என்பது எழுதாத சட்டம். கோலுக்குக் கட்டியிருந்தது கடலுக்கு ஆகாத பழைய வலை. வெளியூர் கோல்கீப்பர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், மில் ஆட்கள், குப்பத்து ஜனம், எல்லாரும் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் கடல் பக்கத்துக் கோலுக்குப் பின்னால். அவர்களில் மீன் கூடை சுமக்கிற முனியம்மா வாயைத் திறந்தால் ரெஃப்ரி விசிலை மறந்துவிடுவார். ஒரு முறை பந்தைக் கோட்டைவிட்ட எங்கள் கோல்கீப்பரைப் பார்த்து, "இன்னாடா, கைய கட்டிகினு ஒதுங்கி நிக்கிற? வந்தது பந்துடா, உன் மாமியாரு இல்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் டீம்காரர்களும் சிரித்து ஆட்டமே நின்றுபோனது. வட சென்னைக் கால்பந்து என்று இன்றைக்குப் பெருமை பேசுகிறவர்கள் கோப்பைகளைப் பற்றிச் சொல்வார்கள். நாங்கள் கோப்பை எதுவும் வாங்கவில்லை. பாதி ஆட்டங்களில் தோற்றோம். அதற்காக யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை.

எங்கள் அப்பா மீனவர் இல்லை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே மளிகைக் கடை வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாகச் சின்னக் கடை போட்டவர். மெட்ராஸ் வந்த புதிதில் அவர் பேச்சைக் கேட்டு எல்லாரும் கேலி செய்தார்களாம், கடைக்கு வெளியே அவரிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு ஆள் இல்லையாம். ஒருநாள் ஆரவாரம் கேட்டுச் சாம்ப கிரவுண்டுக்குப் போய் நின்றவரிடம் யாரோ, "இன்னா அண்ணாச்சி, நின்னுகினே கீற? குந்து" என்று துண்டை விரித்து இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அப்பா ஆயுள் முழுக்க அந்த டீமுக்கு அடிமையானார். எலுமிச்சம்பழம், சோடா, காயத்துக்கு மஞ்சள், கோட்டுக்குச் சுண்ணாம்பு எல்லாம் அவர் பொறுப்பு. பந்து எங்கள் வீட்டில்தான் இருக்கும். அதன் தோலுக்கு அவர் எண்ணெய் தடவுகிற அக்கறையில் பத்தில் ஒரு பங்கு என் தலைக்குக் காட்டவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அந்த இடத்தை ஒரு கரிக் கம்பெனி கேட்டிருக்கிறது, கப்பலில் வருகிற கரியைக் கொட்டிவைக்க வேலி போடப் போகிறார்கள் என்ற செய்தி ஒரு மழைக்கால முடிவில் வந்தது. பட்டா இல்லாத புறம்போக்கு நிலம், யார் கேட்டாலும் கொடுக்கலாம். அப்பா கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் அந்த நிலத்தைப் பற்றி முடிவு சொல்ல வேண்டிய அதிகாரியையே பிடித்துவிட்டார். அது சும்மா கிடக்கிற தரை என்றுதான் கம்பெனி சொல்லியிருக்கிறது என்றார் அதிகாரி. "ஐயா ஒரே ஒரு ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. அந்தக் கூட்டத்தக் கண்ணால பாத்துட்டு, பொறவு என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்" என்று அப்பா கையைக் கூப்ப, அந்த மனிதரும் ஒப்புக்கொண்டார். அதிகாரி நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் மழை நின்ற பிறகும் கடல் அடங்கவில்லை. வாரக்கணக்கில் மீன்பாடு இல்லை. கடனுக்கு அரிசி கேட்டு வருகிற பெண்கள் அப்பா முகத்தைப் பார்க்காமல் அம்மா இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார்கள். குப்பத்தில் பெரிய வலைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மணல் மேட்டில் ஒரு ஆள் தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். மீன் கூட்டம் கரை ஒதுங்குவது தெரிந்தால் தலைத்துண்டை அவிழ்த்து வீசுவார். உடனே படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்து இழுக்க வேண்டும். கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், கிழவரோ குழந்தையோ வழிப்போக்கரோ, அவருக்கு மீனில் பங்கு உண்டு.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, விடியற்காலையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டார். மாதா கோயிலில் கேட்டு நாற்காலிகள் வாங்கி வந்து போட்டார். ஒரு மில் டீம் பூட்ஸும் பனியனுமாக லாரியில் வந்து இறங்கியது. நாலு மணிக்கெல்லாம் கோட்டைச் சுற்றி இடமில்லை. தண்டவாளத்தில் நின்ற கூட்ஸ் பெட்டிகளின் மேலும் ஆள். இன்றைக்கு எதற்காக வந்திருக்கிறோம் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அதிகாரி ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆட்டம் தொடங்கி, எங்கள் சென்டர் ஃபார்வர்ட் ஏழுமலை ஒரு கோலும் போட்டுவிட்டான். எங்கள் அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

இடைவேளைக்கு விசில் ஊதிய சமயம், மணல் மேட்டில் துண்டு பறந்தது.

முதலில் பெண்கள் எழுந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முனியம்மா ஓடினாள், அவள் பின்னால் குப்பம் முழுக்க ஓடியது. கயிறு பிடித்தால் பங்கு உண்டு என்பது மூட்டை தூக்குகிறவர்களுக்கும் மில் ஆட்களுக்கும் தெரியும், அவர்கள் வீட்டு அடுப்பும் ஒன்றும் கொழுந்துவிட்டு எரியவில்லை, அவர்களும் ஓடினார்கள். கூட்ஸ் பெட்டி மேல் இருந்தவர்கள் குதித்து ஓடினார்கள். எலுமிச்சம்பழத்தை வாயிலிருந்து எடுத்து எறிந்துவிட்டு எங்கள் டீம் ஓடியது. அப்பா பாய்ந்துபோய் ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழுமல, நீயாவது நில்லுப்பா. இப்ப வந்துருவாரு அவரு."

"அண்ணாச்சி, அது என் நைனா வலை. வூட்ல புள்ளைங்க சோறு பாத்து நாளாச்சி. நான் போவாம யாரு போவா?" என்றான் ஏழுமலை. அவன் கண் கலங்கியிருந்தது. "தோ வந்துர்றேன். ஆபீசரை ஒரு சோடா குடுத்து குந்த வெச்சிகினு இரு."

அப்பா கையை விட்டுவிட்டார். விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று பல வருஷம் நான் கோபப்பட்டிருக்கிறேன். எப்படிப் பிடிக்க முடியும்? அவன் வீட்டுக்கு அரிசி அளந்தவர் அவர். அந்த வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவருக்குத் தெரியாதா?

மில் டீம் கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு சிரித்துக்கொண்டே லாரியில் ஏறிப் போய்விட்டது. ரெஃப்ரியும் அதிலேயே தொற்றிக்கொண்டார். அதிகாரியின் கார் வந்து நின்றபோது அந்த மைதானத்தில் காலி நாற்காலிகள், ஒரு ஆடு, அப்பா, நான். அவ்வளவுதான்.

"கடல்ல மீன் வந்துட்டு ஐயா, அதான். இப்ப வந்துருவாவ" என்றார் அப்பா. என் முதுகில் கை வைத்து, "ஏட்டி, ஓடு. போயி கூட்டிட்டு வா" என்றார்.

ஓடினேன். கரையில் இரண்டு கயிற்றிலும் சாம்ப கிரவுண்டு முழுக்க நின்று இழுத்துக்கொண்டிருந்தது. "ஆபீசர் வந்துட்டாரு, வாங்க, வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் போட்ட ஏலேலோவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வலையின் மடி கரை ஏறியபோது உள்ளே காணாங்கெளுத்தி துள்ளித் துள்ளிக் கொதித்தது. ஒரு கிழவர் மணலில் உட்கார்ந்து அழுதார். முனியம்மா என்னைப் பார்த்ததும், என்ன சொல்கிறேன் என்று காதில் வாங்காமலே, இரண்டு கையாலும் மீனை அள்ளி என் கவுனில் போட்டு, "எடுத்துகினு போடி கண்ணு, உங்க அப்பாருக்கு" என்றாள்.

மீனைக் கவுனில் ஏந்திக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அதிகாரி எழுந்துவிட்டிருந்தார். சோடாவை மரியாதைக்குப் பாதி குடித்திருந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பீங்க. ஆனா இங்க ஒருத்தரும் வந்து விளையாடற மாதிரி எனக்குத் தெரியலையே" என்று அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார். கரை வரைக்கும் வந்து பாருங்கள் என்று அப்பா கெஞ்சினார். வேறு வேலை இருக்கிறது என்று அவர் காரில் ஏறிவிட்டார்.

இருட்டுவதற்குள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், உடம்பெல்லாம் செதிலும் சந்தோஷமுமாக. ஏழுமலை இருப்பதிலேயே பெரிய மீன்களாகக் கோர்த்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, "இன்னா அண்ணாச்சி, ஆபீசரு வந்தாரா?" என்று கேட்டான்.

"வந்தாரு. போயிட்டாரு."

"பரவால்ல அண்ணாச்சி. அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. இத்த விட டபுளா கூட்டம் காட்டிக்கலாம்."

அவர்கள் உண்மையாகவே அப்படி நம்பினார்கள். கடல் இன்றைக்குக் கொடுக்காவிட்டால் நாளைக்குக் கொடுக்கும் என்று இருந்து பழகியவர்களுக்கு, ஆபீசர்கள் இன்னொரு தடவை வருவதில்லை என்பது தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்து, அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டார். குழம்பு ருசியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஜனங்களுக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

கோடை தொடங்குமுன் வேலி வந்தது, கரி வந்தது. கோல் கம்பங்களை யாரும் பிடுங்கக்கூட இல்லை. கரிக் குவியல் அவற்றின் மேலேயே ஏறி மூடிக்கொண்டது. டீம் கொஞ்ச நாள் கடற்கரை மணலில் ஆடிப் பார்த்தது. மணலில் பந்து ஓடவில்லை, கோட்டை அலை அழித்தது, கூட்டம் உட்கார இடமில்லை, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சில வருஷத்தில் கடல் வாழ்க்கை கட்டுபடியாகாமல் ஏழுமலை அந்தக் கரிக் கம்பெனியிலேயே கூடை சுமக்கப் போனான். கடல் பக்கத்துக் கோல் இருந்த இடத்தில்தான் அவன் கூடை கவிழ்க்க வேண்டியிருந்தது என்று அவனே கடைக்கு வந்து சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். அப்பா உள்ளே போய்விட்டார். அவர் யாரையும் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் மட்டும், வாடிக்கையாளர் இருக்கிறாரா இல்லையா என்று பாராமல், சரக்கு அடுக்கியதையே கலைத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருப்பார். சாகும் வரைக்கும் அப்படித்தான்.

போன மாதம் பேரன் காரில் எண்ணூர் நெடுஞ்சாலையில் போக நேர்ந்தது. கண்டெய்னர் லாரிகள் வரிசையில் அசையாமல் நின்றன, நாங்களும் நின்றோம். கரி இப்போது இங்கே இல்லை, அத்திப்பட்டு வள்ளூர்ப் பக்கம் போய்விட்டது. அது போனதால் மைதானம் திரும்பி வந்துவிடவில்லை, அந்த இடத்தில் இரும்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். வலை இழுத்த கரையாவது இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தேன். கடல் மணலை முழுக்கத் தின்றுவிட்டது, பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். எந்த மீனுக்காக மைதானத்தை விட்டு ஓடினார்களோ அந்த மீன் கரை ஒதுங்குவதற்குக் கரையே இல்லை. காவலுக்கு நின்ற பையனிடம், "இங்கே ஒரு ஃபுட்பால் கிரவுண்டு இருந்தது தம்பி" என்றேன். "இங்கயா? இன்னா பாட்டி காமெடி பண்ற!" என்று அவன் சிரித்தான்.

முனியம்மா இல்லை, ஏழுமலை இல்லை, அப்பா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. விசாரித்த வரையில், அங்கே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். என் ஞாபகமும் முன்போல் இல்லை. நானும் போய்விட்டால், அங்கே ஒருத்தரும் வந்து விளையாடவில்லை என்று அந்த அதிகாரி சொன்னதே உண்மையாகிவிடும்.