பூண்டிப் பனியில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்ற கதை

தைப்பூசக் கூட்டம் வந்து இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால், பழனி அடிவாரத்தில் உள்ள எங்கள் தேங்காய்க் கடையை வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மலை ஏறினேன். கொடைக்கானலுக்கு நான் போவது நூறாவது தடவை. வீட்டம்மா கணக்கில் ஒன்பதாவது. ஆனால் வேலையாகப் போனது இதுதான் முதல் தடவை.

வேலை என் அக்கா மகள் நிவேதாவுடையது, துணைக்கு நான். அவள் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். வீடு கட்டுகிறவர் சுவருக்கு உள்ளே பார்ப்பார். இவள் சுவருக்கு வெளியே பார்ப்பாள். பூங்கா, கால்வாய்க்கரை நடைபாதை, பஸ் ஸ்டாண்டு நிழல் எல்லாம் இவர்கள் சோலி. எட்டாவது வரை படித்த எனக்கே ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது, பாருங்கள்.

ஐந்து வருடமாகச் சென்னை ஆபீஸில் அடுத்தவர் பெயருக்கு வரைந்துகொண்டிருந்தவளுக்கு, முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு வேலை. பூண்டியில் பஸ் நிற்கிற இடத்தை ஒட்டிய பொது மைதானத்தைச் சீர்படுத்த வேண்டும். ஆனால் ஆபீஸிலிருந்து போன முதல் வரைபடத்தை ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டாவது கூட்டம். அதிலும் வேண்டாம் என்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதற்கு அவள் வைத்திருந்த உபாயம்தான் அபாரம். வெள்ளனே மைதானத்துப் புல்லில் உறைபனி படிந்திருக்கும். அதில் விழும் காலடித் தடத்தை மொட்டை மாடியிலிருந்து படம் எடுத்து, ஜனங்கள் நடக்கிற வழியிலேயே பாதை போடுவது. "கேட்டா எல்லாரும் நேராத்தான் போறோம்னு சொல்லுவாங்க மாமா. காலு பொய் சொல்லாது" என்றாள்.

புதன்கிழமை காலை 6.10க்குப் பழனியில் எனக்கும் நிவேதாவுக்கும் பஸ். அறுபத்து நான்கு கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம். வளைவு ஒவ்வொன்றிலும் ஓட்டுநருக்கு நான்தான் வழி சொன்னேன். பத்தாவது வளைவில் அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அண்ணே, உக்காந்து ஓட்டுங்க. நின்னுக்கிட்டு ஓட்டுனா உங்களுக்கு இடுப்பு வலிக்கும்." மரியாதை தெரிந்த மனிதர்.

கொடைக்கானலிலிருந்து பூண்டி இன்னும் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மைதானத்துக்கு எதிரிலேயே அறை, நாளுக்கு 800 ரூபாய். வியாழன் காலை மேகம் மூடிப் பனி விழவில்லை. நிவேதா சாப்பிடவே இல்லை. மிச்சம் வெள்ளி ஒரு காலைதான்.

வெள்ளி 6.15. மைதானம் முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பினாற்போல வெள்ளை! மைனஸ் பத்து இருக்கும். நிவேதாவின் கருவி பூஜ்யம் என்றது, கருவிக்கும் விறைத்திருக்கும். அவள் கேமராவோடு மாடியில். நான் ஒரு செல்ஃபிக்காக விறுவிறுவென்று நடுமைதானத்துக்கே போய்விட்டேன்.

"மாமா! அங்கேயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வச்சீங்க, அம்மாகிட்ட சொல்லிருவேன்!"

என் அக்காவைத் தெரிந்தவர்கள் அசைய மாட்டார்கள். நின்றேன்.

ஆறரைக்குக் காரட் மூட்டையோடு ஒருவர் வந்தார். "ஏலே, புதுசா சிலை வச்சிருக்காங்கலே!" பின்னால் வந்தவர் உற்றுப் பார்த்துவிட்டு, "சிலைக்கு மூக்கு ஒழுகுதுலே" என்றார். பூண்டு விவசாயம் பார்க்கும் முத்தம்மா என்ற பெண்மணி அருகிலேயே வந்து, "என்னண்ணே, நேர்த்திக்கடனா?" என்று கேட்டார். "முக்கியமான வேலை, அசையக் கூடாது" என்றேன். ஏழு மணிக்கெல்லாம் என்னைச் சுற்றி இருநூறு பேர். சரி, இருபது பேர். 7.20 பஸ் வரும்வரை ஒருவர்கூட என்னை விட்டு நகரவில்லை.

படத்தில் சாய்வாக ஒரு தடம் தடிமனாகத் தெரிந்தது. நடுவில் நான் நின்ற இடமோ, கோழி கிளறிய குப்பைமேடு மாதிரிக் கிடந்தது. "கெடுத்துட்டீங்களே மாமா" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. நான் குல்லாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பனிதான்.

பத்து மணிக் கூட்டத்தில் நிவேதா தாளில் வரைந்து வந்த சாய்வுத் தடத்தைக் காட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு, "நடுவுல இந்தக் குழப்பம் எங்க மாமாவால வந்தது. அதை அழிச்சிட்டேன்" என்றாள்.

முத்தம்மா எழுந்துவிட்டார். முதல் படத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னவரே அவர்தானாம். "அத ஏன் தாயி அழிச்ச? இந்த அண்ணன் மூஞ்சியப் பாக்கவா அங்க போனோம்? வெயிலு மொதல்ல விழுற எடம் அதான். பஸ்ஸு வர்ற வரைக்கும் நாங்க அங்கதான் நிப்போம். போன படத்துல அங்கன பூச்செடி வச்சு வேலி போட்டிருந்தீங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றாள் நிவேதா.

"வெயிலு காயணும்னு ஆபீசருங்ககிட்டயா போயிச் சொல்லுவாங்க? வெக்கமா இருக்காது?"

கூட்டமே சிரித்தது. நிவேதா சிரிக்கவில்லை. அங்கேயே பென்சிலை எடுத்து, அழித்த இடத்தில் கிழக்கு பார்த்து அரைவட்டமாக ஒரு கல் பெஞ்சு போட்டாள். முத்தம்மா குனிந்து பார்த்து, "இன்னும் ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி நீட்டு" என்றார். நீட்டினாள். 10.50க்குச் சம்மதம் என்று கைகள் எல்லாம் மேலே போயின. இரண்டு கையையும் தூக்கியது நான் ஒருவன்தான்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். சொந்தக் காரில் போனால் இ-பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். கம்பளிக் குல்லாய் இரண்டு வையுங்கள். ஒன்று எப்படியும் நனையும். மேகம் இல்லாத தை மாதக் காலையில், ஏழு மணிக்குப் பூண்டி மைதானத்தின் நடுவில் போய் நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் ஆட்கள் சூழ்ந்துகொண்டு எந்த ஊர் என்று கேட்பார்கள். வெயிலுக்காக வந்தோம் என்றுதான் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள், உங்களுக்காகத்தான் வந்திருப்பார்கள். நிவேதாவின் படத்தில் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மாமா' என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன?