பள்ளிக்கூடத்துக்குள் ஒரு மருத்துவமனை

ஆனையூரில், ஒரு வீட்டு மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்களுக்கு ஒரே சர்வர். அதில் முதலில் ஏற்றியது ஒரு பள்ளிக்கூடத்தின் மதிப்பெண் அப்ளிகேஷன். அது ஏறிய வாரமே வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் கிடைத்ததால், அந்த ஃபோல்டர் ராசியானது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். விளாங்குடி மருத்துவமனையின் டோக்கன் பக்கத்தையும் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்பதிவையும் அதற்குள்ளேயே போடவைத்தார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு திருத்தம் செய்து மறுபடி ஏற்றினால் மூன்றும் நின்றுபோகும். உடனே மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் அக்கா போனில் கூப்பிடுவார்.

"ஏம்மா, அங்க பிள்ளைக மார்க்கு வாங்க, இங்க காய்ச்சக்காரக எம்புட்டு நேரம் உக்காந்திருக்கணும்?"

ஒரு நாள் போனை வைத்ததும் நோட்டில் எழுதினேன்: மூன்றுக்கும் தனி ஃபோல்டர். தனி டேட்டாபேஸ் இணைப்பு. தனி லாக் பதிவு. பழைய முகவரியைத் தட்டினாலும் புது இடம் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், பழையதன் நகல்.

வேலையில் எனக்கு மூத்தவரான அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஓடுற வண்டியில எதுக்குத்தா கைய விடுற?"

"எங்கண்ணே ஓடுது? நாமதான தள்ளிக்கிட்டு இருக்கோம்."

அது முதலாளி காதில் விழுந்துவிட்டது. "ராசியப் பிரிக்கப் போறியா? திங்கக்கிழமை ஏதாச்சும் நின்னுச்சுன்னா, செவ்வாக்கிழமை நீ வர வேண்டாம்."

"சரி சார். ஞாயித்துக்கிழமை பிரிச்சிடுறேன்."

ஞாயிறன்று மருத்துவமனை எளிதில் பிரிந்துவிட்டது. மண்டபம் திறக்கவே இல்லை. அதற்குத் தேவையான ஒரு கோப்புக்கு, அதுவரை அது பள்ளிக்கூடத்தினுடையதையே பயன்படுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். பழைய நகலைத் திருப்பி வைத்துவிடலாமா என்று ஒரு முறை தோன்றியது. வைக்கவில்லை; அந்தக் கோப்பை மண்டபத்துக்கும் தனியாகப் போட்டதும் திறந்தது.

திங்கள் காலை பத்து மணிக்கு அண்ணன் பள்ளிக்கூடத்தின் திருத்தத்தை ஏற்றினார். நானே மருத்துவமனைக்கு போன் செய்தேன்.

"இப்ப நிக்கப் போகுதா? சொல்லும்மா, டீ குடிச்சிட்டு வாரேன்" என்றார் அக்கா.

"நிக்காதுக்கா. டோக்கன் போடுங்க."

போட்டார். அடுத்ததையும் போட்டார். "என்னம்மா, டீ போச்சா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். முதலாளி என் மேசைக்கு வந்தார். எழுமலையிலிருந்து ஒரு விதைக்கடை புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்.

"இத மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள போட்ருத்தா. ஆரம்பம் ராசியா இருக்கட்டும்."

"தனியாத்தான் சார் போடுவேன்" என்றேன். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே விதைக்கடைக்கு ஒரு ஃபோல்டரைத் திறந்தேன்.