ஒன்பதாம் வகுப்பு கேட்டுச் செம்பூர் வரை

இந்த வலைப்பூவில் இதுவரை மாத்தேரான், அலிபாக் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணம் மும்பைக்குள்ளேயே, தாராவியிலிருந்து செம்பூருக்கு. போய்வர அரை நாள்கூட ஆகாது. எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும் பெற்றோர் யாருக்காவது உதவட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியம் எட்டாவதோடு முடிகிறது. அதற்குமேல் தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஹிந்தி மீடியத்தில் முட்டி மோத வேண்டும். போன வருஷம் எட்டாவது முடித்த இரண்டு பெண்கள் இப்போது எங்கள் சந்திலேயே பைக்கு ஜிப் தைக்கிறார்கள். நானும் வீட்டுக்காரரும் தோல் பை தைப்பவர்கள்தான். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பதிமூன்று வயதில் அதில் உட்காரக் கூடாது. என் மூத்தவள் ஷமீமா இப்போது எட்டாவது.

தொடங்கிய மொழியிலேயே பத்தாவது வரை பள்ளி நடத்த வேண்டும் என்று மாநிலத்தில் ஒரு சட்டம் வர வேண்டும் என்பது எங்கள் பெற்றோர் குழுவின் கோரிக்கை. செம்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு எம்.எல்.ஏ. அதைத் தனிநபர் மசோதாவாக, அதாவது அரசு சார்பில் இல்லாமல் தன் பேரிலேயே, கொடுக்க ஒப்புக்கொண்டார். ஜூலை மாதம், சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தது. மசோதாவைக் கொடுக்க அந்த வியாழன்தான் கடைசி நாள். பதினோரு மணிக்கு அவர் சட்டமன்றத்துக்குக் கிளம்பிவிடுவார்.

மழை விடுமுறை என்பதால் ஷமீமாவும் கூட வந்தாள். எட்டரைக்குத் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு நடை, இருபது நிமிஷம். அங்கிருந்து மாட்டுங்காவுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். செம்பூருக்கு அது எதிர்த்திசை. ஆனால் அங்கே குடியிருக்கும் குழுச் செயலாளர் ராமநாதன் சார் ஒரு ஜெராக்ஸ் கடையில் மசோதாவின் மராத்தி நகலை எடுத்துக்கொண்டிருந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மராத்தி தண்ணீர்பட்ட பாடு. கரண்ட் போய்விட்டது. ஒன்பதே முக்காலுக்குத்தான் நகல் கைக்கு வந்தது.

மூவருமாகக் குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி ஹார்பர் லைன் ரயில் பிடித்தோம். திலக் நகருக்கு முன்னால் ரயில் நின்றது, தண்டவாளத்தில் தண்ணீர். சார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பூரில் இறங்கும்போது பத்து நாற்பது.

"உதர் பானி ஹை," அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று ஆட்டோக்காரர் வர மறுத்தார். "பையா, இஸ்கூல் கா காம் ஹை," என்றாள் ஷமீமா. பள்ளிக்கூட வேலை என்றதும் ஏற்றிக்கொண்டார். மீட்டருக்கு இருபத்தாறு ரூபாய்.

எம்.எல்.ஏ. வாசலிலேயே நின்றிருந்தார், கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நகலைப் படித்துவிட்டு ஹிந்தியில் கடகடவென்று பேசினார். என் ஹிந்தி தோல் பேரம் பேசும் அளவுக்குத்தான். சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, இந்த வருசம் எட்டாவது படிக்கவங்களுக்குக் கெடையாதாம்," என்றாள் ஷமீமா. "அடுத்த வருசம் எட்டாவது படிக்கவங்கள்லருந்துதானாம். நான் இதுல இல்லையாம்."

"இந்த வருசமே வேணும்னு சொல்லுங்க சார்," என்றேன்.

சார் கேட்டுப் பார்த்தார். "இந்த வருஷம்னா உடனே பணம் ஒதுக்கணும், எடுத்த எடுப்பிலேயே தள்ளிடுவாங்கறார். அடுத்த வருஷம்னா மத்த கட்சிக்காராளையும் சம்மதிக்க வைக்கலாமாம். இதை நான் சொல்ல முடியாதும்மா. நீங்கதான் சொல்லணும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சின்னவள் ஆயிஷா மூன்றாவது படிக்கிறாள். எங்கள் சந்தில் அவளோடு விளையாடும் பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன் வந்தார்கள். பக்கத்தில் நின்றவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரின்னு சொல்லிருங்க சார்."

சார் பேனாவால் ஒரு வரியைத் திருத்தினார். காகிதத்தோடு கார் போய்விட்டது.

திரும்பும்போது சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று ஷமீமா சொன்னாள்: "நீ சரின்னு சொன்னது தப்புன்னு சொல்லல உம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. நானும் அங்கனதான நின்னேன்."

மசோதா இன்னும் விவாதத்துக்கு வரவில்லை. வரும் ஜூனில் அவளை ஹிந்தி மீடியத்தில்தான் சேர்க்கப்போகிறோம். எதைப் படித்தாலும் சரி, மெஷினில் மட்டும் உட்காரவிட மாட்டேன்.

போகிறவர்களுக்கு: மராத்தி நகலை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். மாட்டுங்காக்காரரைச் சயானில் வந்து சேரச் சொல்லுங்கள், வீண் அலைச்சல் மிச்சம். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளையை அழைத்துப் போனால், சரி சொல்வதற்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அவளும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது.