தலைக்கு ஒரு மட்கார்டு

உச்சிப்புளி ரயிலடிக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார் கூத்தையா. பொறுமையான மனுஷர். வாடகைக்கு எடுத்த சைக்கிளைப் பொழுது சாய்ந்து கொண்டுவந்து போட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கிவிட்டார் என்று ஒரு வெள்ளிக்கிழமை அக்கம்பக்கம் பேசிக்கொண்டபோது யாரும் நம்பவில்லை. ஓங்கியது உண்மைதான். அடிக்கவில்லை. ஓங்கிய கையில் சீயக்காய் வழிந்துகொண்டிருந்தது.

சுதந்திரம் வந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருந்த சமயம் அது. மகள் முத்தழகுக்கு நாலு வயது. அவள் அம்மா சண்முகவள்ளிக்கு இருந்த மாதிரியே இடுப்பைத் தொடுகிற அடர்ந்த முடி. வள்ளி இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு குனிய முடியாமல் போனதும், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் கூத்தையா தலையில் விழுந்தது. எண்ணெய் தேய்க்கிற வரைக்கும் மடியில் உட்கார்ந்து கதை கேட்பாள். சீயக்காய்க் கிண்ணத்தைப் பார்த்த நிமிஷம் ஓட்டம் பிடிப்பாள். ஒரு தடவை உடம்பெல்லாம் எண்ணெயோடு ரயிலடி வரைக்கும் ஓடி, நிறுத்தியிருந்த மாட்டுவண்டிக்கு அடியில் புகுந்துகொண்டாள். இன்னொரு தடவை அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அன்றைக்குத்தான் அவர் கை ஓங்கியது.

"கண்ணை இறுக்கி மூடிக்கம்மா, ஒரு நிமிஷம்" என்பார் கூத்தையா.

"மூடுனாலும் உள்ள வருது அய்யா!" என்று அலறுவாள்.

வரத்தான் செய்தது. குளித்து முடித்தபின் கண் இரண்டும் செவசெவ என்று கிடக்கும். அன்றைக்கு முழுக்க அவரிடம் பேச மாட்டாள். சாயங்காலம் சைக்கிள் பாரில் உட்கார வைத்துச் சவாரி கூட்டிப்போகக் கூப்பிட்டால், "நான் வரலை. நீ கெட்ட அய்யா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

வள்ளிக்கு ஆண் பிள்ளை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு நாள் நாவிதர் மூக்கையா முத்தழகின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார்.

"கூத்தையா, ஒங்க மக எங்க இருந்து வாரா தெரியுமா? புளியமரத்தடியில ஆளுங்களுக்குச் சவரம் பண்ணிக்கிட்டிருக்கேன். வரிசையில வந்து குந்திக்கிட்டு, மொட்டை அடிச்சு விடுங்கங்கிறா. அய்யா சொன்னாராம்மான்னு கேட்டேன். இல்லை, முடி இல்லாட்டா சீயக்காய் போட மாட்டாகல்லன்னு கேக்குறா."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கூத்தையாவும் சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முடிக்குப் பூ வைத்துக் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே பார்த்துக்கொள்கிற பிள்ளை. என் கையிலிருந்து தப்பிக்க அதையே கொடுத்துவிடத் துணிந்துவிட்டாளே என்று நினைத்து நினைத்து மருகினார்.

"எல்லாப் பிள்ளையும் அழுகத்தான் செய்யும்" என்றாள் வள்ளி, பச்சைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே. "நான் அழலையா? நீங்க அழலையா?"

"அழுதோம். அதுக்காக இவளும் அழணுமா?"



அந்த வாரம் மழை. சேறும் தண்ணீருமாக வந்து நின்ற ஒரு சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். சக்கரம் முழுக்கச் சேறு, மட்கார்டுக்கு அடியில் அப்பிக் கிடந்தது சேறு. ஓட்டி வந்தவர் வேட்டியில் ஒரு பொட்டு இல்லை. கூத்தையா கழுவுவதை நிறுத்திவிட்டு மட்கார்டையே பார்த்தார். தலைக்கு இப்படி ஒன்று இருந்தால் என்ன?

முதலில் ஒரு பழைய மட்கார்டுத் தகரத்தை வட்டமாக வெட்டினார். வள்ளி அதன் விளிம்பைப் பார்த்ததுமே, "பிள்ளை கழுத்தை அறுக்கவா? தூக்கித் தெருவுல போடுங்க" என்றுவிட்டாள். அடுத்து லாரி டியூபில் அகலமாக ஒரு வளையம் வெட்டி முத்தழகின் தலையில் மாட்டினார். அது துவண்டு கிண்ணம் மாதிரி குழிந்து, ஊற்றின தண்ணீரையெல்லாம் தேக்கி வைத்துக்கொண்டது. பிள்ளை தலையைக் குனிந்ததும் மொத்தச் சீயக்காயும் ஒரே பாய்ச்சலாகக் கண்ணில் இறங்கியது. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

புதுமடத்திலிருந்து பாக்கர் என்பவர் ஓலைப்பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் கடைகளுக்குக் கொண்டு போவார். கூத்தையாவுக்குக் கூட்டாளி, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெட்டி முடைவது அவர் மனைவி காலிதா. பஞ்சர் ஒட்ட வந்த பாக்கரின் பெட்டி ஒன்றை எடுத்துக் கூத்தையா திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் ஓரம் விறைப்பாக நின்றது. அழுத்தினால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. கையை வெட்டவில்லை.

மறுநாளே புதுமடம் போய்விட்டார். காலிதா முற்றத்தில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, எனக்கு ஒரு மூடி வேணும். நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது. ஓரம் மட்டும்."

"மூடாத மூடியாண்ணே?" என்று காலிதா சிரித்தாள். பிறகு அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவள் கை ஓலையை விட்டுவிட்டது. "அல்லாவே! என் மக மலிகா குளிக்கிறப்போ நான் கதவைத் தாழ் போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். ரெண்டா முடையிறேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

முடைந்து வந்த வளையத்தின் உள்விளிம்பில் சைக்கிள் டியூபை மெல்லிசாக வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி ஒட்டினார். தலையைச் சுற்றி ரப்பர் கவ்விப் பிடிக்கும். அதற்கு வெளியே ஓலை கூரை மாதிரி சரிந்து நிற்கும். பச்சைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வள்ளி அதை வாங்கிப் பார்த்தாள்.

"பின்னால எதுக்கு இம்புட்டு அகலம்? முடியை எங்கிட்டு விட? முன்னால அகலமா, பின்னால ஒடுக்கமா இருக்கணும்."

அதுவும் சரிதான் என்று கூத்தையா மறுபடி புதுமடத்துக்குச் சைக்கிளை மிதித்தார்.

எல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமையும் வந்தது. முத்தழகு அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது பெட்டி மூடி. எனக்கு வேணாம்."

கெஞ்சினார். மிட்டாய் காட்டினார். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அசையவில்லை அவள். கூத்தையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன நினைத்தாரோ, சட்டையைக் கழற்றிவிட்டு, கிணற்றடிக் கல்லில் தாமே உட்கார்ந்து தம் தலையில் மாட்டிக்கொண்டார். சின்னத் தலைக்குச் செய்தது. உச்சியில் குடுமி மாதிரி ஏறி உட்கார்ந்தது.

"சரி, நீ எனக்குப் போட்டு விடு" என்றார்.

"நானா?"

"நீதான். சீயக்காய் அந்தா இருக்கு. செம்பு இந்தா இருக்கு."

பிள்ளை தூணை விட்டாள். முதலில் ஒரு விரலால் தொட்டுத் தடவினாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளி அப்பினாள். செம்பை நெஞ்சோடு அணைத்துத் தூக்கித் தண்ணீரை ஊற்றினாள். ஓலை ஓரத்தைச் சுற்றித் தண்ணீர் மணிமணியாகச் சொட்டியது.

"கண்ணு எரியுதா அய்யா?"

"பாரு. தொறந்துதானே இருக்கு."

வளையம் சின்னது என்பதால் இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த வழியாக ஒரு சொட்டு உள்ளே இறங்கி, நேரே கண்ணில் விழுந்தது. மிளகாயை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. கூத்தையா இமைக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். வாசலில் நின்ற வள்ளி அந்தக் கண் சிவந்துகொண்டு வருவதைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

முத்தழகு மூன்று செம்பு ஊற்றி முடித்துவிட்டு, "எனக்குச் சிவப்பு வேணும்" என்றாள்.

காலிதா சாயம் போட்ட ஓலையில் சிவப்பும் பச்சையுமாக ஒன்று முடைந்து அனுப்பினாள். அடுத்த வெள்ளிக்கிழமை முத்தழகு தானாகவே வந்து கல்லில் உட்கார்ந்தாள். முதல் செம்புக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். இரண்டாவது செம்புக்கு ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இரண்டையும் திறந்தாள். தலைக்குக் குளிக்கும்போது உலகம் எப்படி இருக்கும் என்று அவள் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. முருங்கை மரத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்த காக்காவைப் பார்த்தாள். குனிந்து அலசிக்கொண்டிருந்த அப்பாவை வெகுநேரம் பார்த்தாள்.

"அய்யா, உன் மூக்குக்குள்ள முடி இருக்கு."

"இருக்கட்டும்மா" என்றார் கூத்தையா. அன்று சாயங்காலம் கூப்பிடாமலே அவள் சைக்கிள் பாரில் ஏறி உட்கார்ந்து, அரியமான் கடற்கரை வரைக்கும் மணியை அடித்துக்கொண்டே போனாள்.

சத்தம் நின்றுபோனதே ஊருக்குச் செய்தியாகிவிட்டது. முதலில் அடுத்த வீட்டுப் பஞ்சம்மாள் வந்து கேட்டாள். அப்புறம் ரயிலடிக் குடியிருப்புப் பெண்கள் வந்தார்கள். கடையில் ஹேண்டில்பார்களில் வரிசையாக வளையங்கள் தொங்கின. காலிதா கண்ணுகரிக்கா வளையம் என்று ஒரு பேர் வைத்தாள். அது யார் வாயிலும் நிற்கவில்லை. பிள்ளைகள் மட்கார்டு என்றார்கள், அதுவே நிலைத்தது. ராமநாதபுரத்தில் வளையல், ரிப்பன் விற்கிற ஹாஜா முகைதீன் ஒரு கட்டு வாங்கித் தம் கடை வாசலில் மாட்டினார். புதுமடத்தில் காலிதாவோடு இன்னும் நாலைந்து பெண்கள் முடைய உட்கார்ந்தார்கள்.

ஐப்பசி மழையில் வினை வந்தது. ஈரத்தோடு மூலையில் வீசப்பட்ட ஓலையில் கரும்புள்ளி பூத்தது. சிலதில் ரப்பர் விட்டுக்கொண்டது. ஹாஜா முகைதீன் ஒரு சாக்கு நிறையத் திருப்பி அனுப்பினார். ஒரு அம்மாள் கடைக்கே வந்து, "பிள்ளை நெத்தியெல்லாம் கருப்பா ஒட்டுது. சைக்கிளுக்கு ஒட்டுறதைப் பிள்ளைக்கு ஒட்டுனா இப்படித்தான்" என்று வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனாள். கூத்தையா அதைப் பொறுக்கி எடுத்து, சேற்றைத் துடைத்து, எடுத்துக்கொண்டு புதுமடம் போனார்.

"இத்தோட விட்டுருவோமா தங்கச்சி?" என்று காலிதாவிடம் கேட்டார்.

"எதுக்குண்ணே விடணும்? மலிகா அது இல்லாமக் குளிக்க மாட்டேங்கிறா. ஓலையை இன்னும் ரெண்டு வெயில் காயவச்சு முடையிறேன். நீங்க ஒட்டுறதோட விடாமத் தையலும் போடுங்க. வாங்குறவுகள்ட்ட, குளிச்ச உடனே வெயில்ல மாட்டுங்கன்னு சொல்லுங்க. நம்மதான் சொல்லவே இல்லையே."

வள்ளி ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டாள். ரப்பர் விளிம்பை வெளியே தெரியாமல் மடித்துத் துணி வைத்துத் தைத்தாள். திரும்பி வந்ததற்கெல்லாம் புதிது கொடுத்தார்கள். தூக்கி எறிந்த அம்மாள் வீட்டுக்குக் கூத்தையாவே கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளையின் நெற்றியையும் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வந்த குறைகள் அற்பசொற்பம்தான்.

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் என்று அந்த வட்டாரத்துக்குள் அது பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அதைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. கூத்தையா அதற்கு ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. பிள்ளை அழுகிறது என்று யாராவது சொன்னால் போதும், கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தலைக்கு அளவெடுக்க எழுந்துவிடுவார்.

சின்னவன் நாகநாதனுக்கு என்று ஆசையாகக் குட்டி வளையம் ஒன்று செய்து வைத்திருந்தார். அவனோ சீயக்காய் நுரைக்குள் கண்ணை அகலத் திறந்துகொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கிற ஜாதி. வளையத்தைக் கழற்றி நாய்க்கு மாட்டிவிட்டான்.

முத்தழகுக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாள், "நானே குளிச்சுக்கிறேன்" என்று கிணற்றடி மறைப்பின் தட்டிக்கதவைச் சாத்திக்கொண்டாள். கூத்தையா வெளியே நின்றார். செம்பு அண்டாவில் முட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. உள்ளே அவள் ஏதோ பள்ளிக்கூடப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

"அய்யா, நிக்கிறியா?"

"இங்கனதாம்மா நிக்கிறேன்."

"முதுகுக்கு மட்டும் எட்டலை. அம்மாவை வரச் சொல்லு."

வள்ளியைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். தாயும் மகளும் எதையோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் வந்தது. கூத்தையா அடுப்படிக்குப் போய், தலை காய வைக்க நெருப்பு அள்ளி, சாம்பிராணியைத் தேடத் தொடங்கினார்.