செல்லி ஏறிய பேய் வண்டி

காரிமங்கலம் பக்கம் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் செல்லியின் காலில் கிடந்து வளர்ந்தவர்கள். மணைப்பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, பச்சைக்குழந்தையை அதன்மேல் கிடத்தி வெந்நீர் ஊற்றுவாள். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் அவள் கையில் கொட்டாவி விடும். என் மூத்தது இரண்டுக்கும் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

நான் நூர் பாஷா. டூரிங் கொட்டகையின் விளம்பர வண்டி என் பொறுப்பு. மாட்டு வண்டியின் இரு பக்கமும் தட்டி கட்டி, தகரக் குழாயில் வாய் வைத்துக் கத்திக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். தொண்டை இருந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்ததில்லை.

தருமபுரி தனி மாவட்டமான மறு வருஷம் மழை இல்லை. பேய்ப்படங்கள்தான் பெய்தன. மாசியில் வந்ததில் பாழடைந்த பங்களா, சித்திரையில் வந்ததில் கிணறு, ஆடிக்குள் இன்னும் இரண்டு. நாலிலும் கடைசி ரீலில் பேயே இருக்காது. சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பன் எவனாவது மாட்டிக்கொள்வான். அது தெரிந்தும் ஜனம் அலறுவதற்கென்றே வந்தது.

வண்டியில் நிஜமாக ஒரு பேய் உட்கார வேண்டும் என்றார் முதலாளி. எனக்கு உடனே செல்லியின் முடி ஞாபகம் வந்தது. அவிழ்த்தால் முழங்காலைத் தொடும். களை வெட்டக்கூட வேலையில்லாத வருஷம். நானே போய்க் கேட்டேன்.

“சும்மா உக்காந்தா போதுமா பாய்?”

“உக்காந்து அப்பப்ப சிரிக்கணும்க்கா. அவ்ளோதான்.”

“சிரிக்கிறதுக்குக் கூலியா!” என்று அப்போதே சிரித்தாள்.

வெள்ளைப் புடவை, முகத்தில் அரிசி மாவு, கண்ணைச் சுற்றிக் கரி. சந்தை நாளில் அவள் சிரித்த சிரிப்பில் ஒரு தக்காளிக் கூடையே கவிழ்ந்தது. கொட்டகை நிரம்பியது. நாலு படத்துக்கும் அவளே பேய். சாயங்காலமானால் எல்லார் கண்ணெதிரிலும் முகம் கழுவி, கொண்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். திரையில் வந்த பேயை நம்பாத ஜனம் இவளை நம்பியது.

ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அதன் தாய் காசியம்மாள், “பேய் வேசம் கட்டுன கையில பச்சப்புள்ளயக் குடுத்தனே” என்று தெருவில் நின்று அழுதாள். மறுவாரம் ஒரு வீட்டிலும் செல்லியைக் கூப்பிடவில்லை. நான் குழாயை எடுத்துக்கொண்டு, செல்லியக்கா நம்மைப் போல மனுஷிதான் என்று தெருத்தெருவாகக் கத்தினேன். அதையும் பட விளம்பரம் என்றே நினைத்தார்கள்.

முடிதானே பயமுறுத்துகிறது, அது போனால் சரியாகிவிடும் என்று செல்லி தீர்த்தமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஊர் இன்னும் மிரண்டது. முதலாளிக்கு வேறு கவலை.

“அஞ்சாவது பேய்ப்படம் வருதே பாய், மொட்டப் பேய வெச்சு என்ன பண்றது?”

அவரை அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை.

அந்த மாதம் எனக்கு மூன்றாவது பிறந்தது. ஏழாம் நாள் காலையில் செல்லி கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றாள். தலையில் முக்காடு.

“பையனா பாய்? வெந்நீ காஞ்சிருச்சா?”

என் மனைவி ஹசீனா ஓடிவந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். “நீங்க கூட்டியாந்த பேய்தான? நீங்களே அனுப்பிவுடுங்க.”

நாலு ஊருக்குக் கேட்கக் கத்துகிறவன் சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றேன். தாழ்ப்பாளை நான் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

உள்ளே மாமியார் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். பழகாத கை. குழந்தை வீறிட்டது. கதவுக்கு வெளியிலிருந்து செல்லி சொன்னாள்: “தலைய ஒசத்திப் புடிக்கச் சொல்லுங்க பாய். மூக்குல தண்ணி போவுது.”

நான் உள்ளே திரும்பி அப்படியே சொன்னேன்.

“சூடு ஆறட்டும். முழங்கைய வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“குப்புறப் போட்டு முதுகுல மெதுவா ஊத்தச் சொல்லுங்க.”

அதையும் சொன்னேன். அழுகை அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தால் வாசலில் யாரும் இல்லை.

அடுத்த மாதம் அவள் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்கு ரயிலேறினாள். திரும்பி வரவேயில்லை. அவள் குளிப்பாட்டிய கடைசிக் குழந்தை என் மகன்தான். அவனை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.