கோப்பையை ஆட்டத் தெரியாத செல்கள்

"எழுதுங்க அபூ சுஹா. நேத்து எழுதின அதே வரி. இலக்கியம் வேண்டாம்."

வெப்பமானியை எடுக்கும் முன்பே இன்ஸாஃப் பேனாவை நீட்டிவிடுவாள். அம்மான் நகரில் எங்கள் புற்றுநோய் வார்டின் நர்ஸ். நடையில் நின்று சூரியகாந்தி விதை கொறிப்பாள். உள்ளே வந்தால் கொறிப்பது எங்களைத்தான். நோயாளிகளை மூத்த பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவாள். நான் சுஹாவின் அப்பா. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்பதை முதல் நாளே மூன்று முறை அவளிடம் சொல்லிவிட்டேன். "நான் ராசிபலன் மட்டும்தான் படிப்பேன்" என்றாள்.

என் ரத்தத்திலிருந்து டி செல்களை எடுத்து, புற்றுநோயைக் கண்டு பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்றைப் பொருத்தி, திரும்ப உடம்பில் ஏற்றியிருந்தார்கள். ஏற்பி நோயைத் தொட்டதும் 'தாக்கு' என்று செல்லுக்குள் சமிக்ஞை போகுமாம். டாக்டர் படம் போட்டுச் சொன்னபோது நான் அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு இன்ஸாஃபிடம் கேட்டேன்.

"விருந்தாளி போதும்னு கோப்பைய ஆட்டுற வரைக்கும் நாம காபி ஊத்திட்டே இருப்போம்ல? நோயத் தொடத் தொட உங்க செல்லுக்கும் ஊத்துற மாதிரி. சிலது ஆட்டாமலே குடிச்சிட்டு ஆட்டம் போடும். அப்ப மூளை கலங்கும். அது கையெழுத்துல தெரியும்."

அந்த வரி: 'எனக்கு ஏலக்காய் போட்ட காபி பிடிக்கும்.' இதைப் போய் நான் எழுதுவதா? ஒரு நாள், 'ஏலக்காயின் மணம் என் நினைவின் முற்றத்தில் உலவுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். அவள் என் கண்ணில் டார்ச் அடித்தாள். டாக்டர்கள் ஓடிவந்தார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள்.

இன்ஸாஃப் போனை வைத்துவிட்டு வந்தாள். "பொண்ணுகிட்ட கேட்டுட்டேன் டாக்டர். இவரு எப்பவுமே இப்படித்தானாம்."

பிறகு காய்ச்சல் வந்தது. ஒழுங்காக அதே வரியைத்தான் எழுதினேன், அழகாக எழுதியதாகவே நினைத்தேன். தாளைப் பார்த்தால் கோழி கிளறியதுபோல இருந்தது. கையிலிருந்த பேனாவின் பெயர் வாயில் வரவில்லை. பயந்துபோய் அழுதேன். சொற்களைத் தவிர எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. இன்ஸாஃப் கிண்டல் செய்யவில்லை. மருந்தைச் சொட்டவிட்டாள்.

"உள்ள சண்டை நடக்குது அபூ சுஹா. கொஞ்சம் அடக்குறோம், அவ்வளவுதான். நிறுத்தல."

மறுநாளும் கிறுக்கல்தான். அதற்கடுத்த காலையில் பேனாவை நானே கேட்டு வாங்கினேன். எனக்கு ஏலக்காய் போட்ட காபி பிடிக்கும். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அலங்காரம் மருந்துக்கும் இல்லை.

இரண்டு முறை படித்தாள். என் தட்டில் காலியாகக் கிடந்த மாத்திரைக் கோப்பையை விரல் நுனியில் எடுத்து, இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள்.