தாய்மாமனிடம் சிக்கிய கம்ப்யூட்டர்

கொல்லங்கோட்டில் சட்டைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். டெய்லர் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசம் வந்ததும் வசந்தாமணி ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கும் தையலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில், பாலக்காடு பக்கம் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் எருத்தேன்பதி, அவள் கோபாலபுரம். அங்கே இருந்த காகித நாடாவில் இதே எண்ணெய் வாசம். பேசிக் மொழியில் நாம் எழுதுவதை வரிவரியாகப் படித்து இயக்கும் இன்டர்பிரட்டர் அந்த நாடாவில்தான் துளைத்துளையாக இருந்தது. இன்டர்பிரட்டர் பாதியில் செத்து விழுந்துவிட்டால், நாடாவை முதலிலிருந்து ஓட்டி மறுபடி ஏற்ற இருபது நிமிடம் ஆகும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு பெயரைக் கொடுத்தால் உறவுமுறை சொல்லும். வசந்தாமணி எனக்குக் கட்டிக்கொள்ளும் முறையா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். தூரத்துச் சொந்தம் என்று கேள்வி. வீட்டில் கேட்டால் குட்டு உடைந்துவிடும். விளையாட்டு என்று சொல்லி அவள் பக்கத்துப் பெயர்களை அவளிடமே வாங்கினேன்.

மற்றவர்களுக்கெல்லாம் சரியாகச் சொன்னது. அவள் பெயரைக் கொடுத்தால் மட்டும் இன்டர்பிரட்டரே விழுந்தது. கரண்டைத் திட்டினேன், நாடாவைத் துடைத்தேன், ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம். அவள் தூக்குப்போசியிலிருந்து எனக்குப் பாதி சோறு வைத்து, அவள் ஊர் எல்லைச் செக்போஸ்ட் கதைகள் சொல்லுவாள். நான் ஒன்றும் அவசரப்படவில்லை.

கடைசியில், தேடிப் போகிற பெயர்களை ஒவ்வொன்றாக அச்சடிக்க வைத்தேன். அவள் அப்பா, அவருடைய அக்கா, அக்காவின் மகள், அந்த மகளின் தாய்மாமன், மறுபடி அப்பா, மறுபடி அக்கா என்று காகிதம் முழம்முழமாக வந்தது. வசந்தாமணி எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, எங்கம்மா கட்டுனது அவங்க தாய்மாமனத்தானுங்க. உங்க மிஷினுக்கு அது தெரியாதுங்களா?”

அதற்கு எங்கே தெரியும், பாவம். ஒவ்வொரு ஆளிடம் போகும்போதும் திரும்பி வர வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டே சுற்றியிருக்கிறது. குறிக்க இடம் தீர்ந்ததும் தன் மேலேயே எழுதிச் செத்திருக்கிறது. பார்த்த ஆளை மறுபடி பார்க்காதே என்று இரண்டு வரி சேர்த்தேன். இந்த முறை விழவில்லை. தடதடவென்று அடித்து நின்றது: அண்ணன் தங்கை முறை.

அவள் காகிதத்தைக் கிழித்து இரண்டு தரம் படித்தாள். விளையாட்டில்லை என்று அவளுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக மடித்துத் தூக்குப்போசிக்கு அடியில் வைத்தாள்.

“சரிங்கண்ணா” என்றாள்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் விழுந்தாலும் உடனே எழுந்துவிடுகிறது. நாடாவும் இல்லை, அந்த இருபது நிமிடமும் இல்லை. திருத்தாமலே விட்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றும். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து, “அண்ணா, சௌக்கியமுங்களா?” என்று கேட்கிறாள். ஏனுங்க என்று அவள் என்னைக் கூப்பிட்டது அந்த மதியத்தோடு சரி.